சில்லுச் சப்பாத்து: வாசகர் கேள்விகளும் ஒரு சைக்கிள் கடைக்காரனின் பதில்களும்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் சைக்கிள் திருத்துவது என் தொழில். ரொறன்ரோவில் இருக்கும் அக்கா 2012 இல் அனுப்பிய பொதியில், பால்மா ரின்னுக்கும் குளிர்ச்சட்டைக்கும் நடுவே, அவருடைய மகன் வளர்ந்து விட்டதால் மிஞ்சிய, அடியில் சில்லுகள் ஒரே வரிசையில் பூட்டிய ஒரு சோடி ஸ்கேற் இருந்தது. மனைவி அதற்கு வைத்த பெயர்தான் 'சில்லுச் சப்பாத்து'. அன்று தொடங்கிய பைத்தியம் இன்னும் விடவில்லை. இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணா, பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். ஆவணியில் பாரிசில் இருந்து மாமா வருகிறார். ஸ்கேற் வாங்கிவர அளவு கேட்கிறார். கடைகளின் பட்டியலைப் பார்த்தால் 80 மில்லிமீற்றர், 110 மில்லிமீற்றர், ஏபெக் 7, ஏபெக் 9 என்று இருக்கிறது. எதைச் சொல்வது?
– வாசகி, திருநெல்வேலி

தங்கச்சி, சில்லைக் கடைசியில் பார்ப்போம். முதலில் கால்.

மாமாவுக்குச் சப்பாத்து இலக்கத்தை மட்டும் சொல்லி விடாதீர்கள். ஒரு கம்பனியின் 38, இன்னொன்றின் 39. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஸ்கேற்றுக்குப் போடப்போகும் காலுறையோடு அளவெடுங்கள். சுவரில் குதிக்காலை ஒட்டி ஒரு கடதாசியில் ஏறி நில்லுங்கள். மிக நீண்ட விரலின் நுனியில், பென்சிலைச் சரிக்காமல் நிமிர்த்திப் பிடித்து ஒரு கோடு. சிலருக்குப் பெருவிரலை விட அடுத்த விரல் நீளம், அதையும் கவனியுங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய காலின் மில்லிமீற்றரை மாமாவுக்கு எழுதி அனுப்புங்கள். கம்பனியின் அட்டவணையில் அந்த மில்லிமீற்றருக்கு எதிரே என்ன இலக்கம் இருக்கிறதோ, அதுதான் உங்களுடையது.

வந்ததும் வீட்டுக்குள் கால் மணி நேரம் போட்டு நின்று பாருங்கள். நேராக நிற்கும்போது விரல்நுனி முன்பக்கத்தை மெல்லத் தொட வேண்டும். முழங்காலை மடித்தவுடன் குதிக்கால் பின்னே போய் விரல் விலக வேண்டும். மடிக்கும்போது குதிக்கால் மேலே கிளம்பினால் சப்பாத்து பெரிது. புதுச் சப்பாத்து எல்லாப் பக்கமும் கொஞ்சம் இறுக்குவது வழமை, உள்மெத்தை நாளடைவில் காலுக்கு ஏற்றபடி அமர்ந்து கொள்ளும். ஒரே இடத்தில் ஊசி குத்துவது போல வலித்தால் அது அமராது.

அடுத்தது கணுக்கால். கடையில் மாமா செய்ய வேண்டிய சோதனை இது: சப்பாத்தின் மேற்பகுதியை ஒரு கையாலும் அடியை மறு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் முறுக்கிப் பார்க்க வேண்டும். பிழிந்த துணி மாதிரி மடிந்தால் வைத்துவிட்டு வரட்டும். முன்பக்கம் வளையலாம், பக்கவாட்டில் வளையக் கூடாது. கணுக்காலில் ஒரு கொளுவி, குதிக்காலைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கும் சரிவான பட்டி ஒன்று, அதோடு லேஸ். இந்த மூன்றும் இருந்தால் நல்லது.

இனிச் சில்லு. தொடங்குபவருக்கு நான்கு சில்லு, 80 மில்லிமீற்றருக்கு அண்மையில் இருந்தால் போதும். 110 மில்லிமீற்றர்ச் சில்லு சிறு கற்களை இலகுவாகத் தாண்டும், ஆனால் உங்களைத் தரையில் இருந்து உயர்த்தி விடும். உயரத்தில் நிற்கப் பழகுவது வேறு பாடம். சில்லின் பக்கத்தில் 78ஏ, 85ஏ என்று எழுதியிருக்கும், அது கடினத்தன்மை. எண் குறைந்தால் மென்மை. எங்கள் ஒழுங்கைகளின் கரடான தாருக்கு மென்மையானது காலுக்கு இதம், ஆனால் கெதியில் தேயும். பொலியூறித்தேன் சில்லாக இருக்க வேண்டும். சீமெந்துத் தரையில் தட்டும்போது 'டக் டக்' என்று கேட்டால் அது வெறும் பிளாஸ்ரிக், விளையாட்டுச் சாமான்.

ஏபெக் என்பது, சில்லின் நடுவில் இருந்து அதைச் சுற்ற விடும் குண்டு வளையமான பெயாரிங் எவ்வளவு நுணுக்கமாகக் கடையப்பட்டது என்பதற்கான அமெரிக்க அளவுகோல். 1, 3, 5, 7, 9 என்று போகும். அது வேகத்தின் அளவு அல்ல. ஒரு கணக்குச் சொல்கிறேன். 80 மில்லிமீற்றர்ச் சில்லு ஒருமுறை சுற்றினால் கால் மீற்றர் போகும். மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் போனால் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்று. பல்லாயிரம் சுற்றுச் சுற்றும் இயந்திரங்களில்தான் அந்த நுணுக்கத்துக்கு வேலை. பெட்டியில் 9 என்று அச்சடித்திருப்பதற்காக மாமாவின் காசைக் கரைக்க வேண்டாம். மிஞ்சும் காசுக்கு மணிக்கட்டுக் காப்பு, முழங்கால் காப்பு, முழங்கைக் காப்பு, தலைக்கவசம் வாங்கச் சொல்லுங்கள்.

மகனுக்கு எட்டு வயது. இரண்டு வருடத்துக்கு வருமென்று ஓர் இலக்கம் கூட்டி வாங்கலாமா?
– தாய் ஒருவர், சாவகச்சேரி

வேண்டாம் அம்மா. தீபாவளிச் சட்டையைக் கூட்டி வாங்கலாம், மடித்துத் தைக்கலாம். இதில் கால் உள்ளே ஆடினால் கணுக்கால் பிரளும். பிள்ளைகளுக்கென்றே நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்கேற் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பொத்தானை அழுத்தி இழுத்தால் மூன்று நான்கு இலக்கங்கள் வரை நீளும். அதை வாங்குங்கள். அதை முழுக்க நீட்டிய கடைசி அளவில்தான் இப்போது பொருந்துகிறது என்றால், அதே வகையில் அடுத்த பெரியதை வாங்குங்கள்.

'பனிக்கட்டி இல்லாத ஊரில் பனிச்சறுக்குச் சப்பாத்து எதற்கு' என்று அப்பா கேலி செய்கிறார். என்ன பதில் சொல்ல?
– மாணவன், சுன்னாகம்

பனிக்கட்டி இல்லாததால்தான் இது பிறந்தது என்று சொல்லும் தம்பி. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒல்சன் சகோதரர்கள் இருவர் ஐஸ் ஹொக்கி ஆடுபவர்கள். கோடையில் பனி கரைந்து விடும். அப்போதும் பயிற்சி செய்வதற்கென்று, சில்லுகளை ஒரே வரிசையில் வைத்த சப்பாத்தைச் சீர்செய்து 1980 இல் தொழில் தொடங்கினார்கள், அதுதான் பின்னர் ரோலர்பிளேட் என்ற பெயரைப் பெற்றது.

அவர்களும் முதல்வர்கள் அல்லர். 1760 களில் லண்டனில் ஜோன் ஜோசப் மேர்லின் என்ற கருவி செய்பவர், சில்லுச் சப்பாத்துப் போட்டு வயலின் வாசித்தபடி ஒரு மாறுவேட விருந்துக்குள் நுழைந்தாராம். நிறுத்தவும் திருப்பவும் வழி தெரியாமல் விலையுயர்ந்த பெரிய நிலைக்கண்ணாடி ஒன்றில் மோதி, கண்ணாடியும் போயிற்று, வயலினும் போயிற்று, அவருக்கும் நல்ல காயம் என்று கதை. அப்பா சிரித்து முடிந்ததும் அடுத்த கேள்வியை வாசியும்.

தம்பி, எனக்கு 46 வயது. வங்கியில் வேலை. மகள் ஓடுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. விழுந்தால் என்ன ஆகும் என்ற பயம். இந்த வயதில் தொடங்கலாமா?
– வாசகர், மானிப்பாய்

அண்ணை, நான் தொடங்கியபோது எனக்கு 41. தொடங்கலாம். விழுவீர்கள்.

என் கதையைச் சொல்கிறேன். மூன்றாம் நாள், காப்பு ஒன்றும் இல்லாமல், எங்கள் ஒழுங்கையில் கிழுவை வேலியோரமாக மெல்லப் போய்க்கொண்டிருந்தேன். வேகமே இல்லை, ஒரு கிழவர் நடக்கும் வேகம். ஒரு பூவரசங்காய் முன்சில்லில் அகப்பட்டது. சில்லு நின்றது, நான் நிற்கவில்லை. வலது உள்ளங்கையை விரித்துத் தரையில் ஊன்றினேன். ஊன்றாமல் இருக்க யாரால் முடியும்? மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பு வெடித்தது. ஆறு கிழமை பிளாஸ்ரர். கடையில் நான் வாங்கில் இருந்து சொல்லச் சொல்ல, மனைவி சில்லுக் கழற்றினார். என்னை விட வேகமாகக் கழற்றினார் என்பதை வாடிக்கையாளர்கள் இன்றும் நினைவூட்டுகிறார்கள்.

ஸ்கேற்றில் அதிகம் முறிவது மணிக்கட்டுத்தான். மணிக்கட்டுக் காப்பின் உள்ளங்கைப் பக்கம் ஒரு பிளாஸ்ரிக் தகடு இருக்கும். அது தரையில் வழுக்கிக் கொண்டு போகும். கை ஊன்றி நிற்பதற்குப் பதிலாகச் சறுக்குவதால் அதிர்ச்சி எலும்புக்கு ஏறாது. ஆகவே வீதிக்குப் போகுமுன் விழப் பழகுங்கள். புல்லில் நின்று, முழங்காலை மடித்து, முன்பக்கமாக முதலில் முழங்கால் காப்பு, பிறகு முழங்கை, கடைசியில் உள்ளங்கைத் தகடு என்ற ஒழுங்கில் இறங்குங்கள். விரல்களைத் தூக்கியே வைத்திருங்கள். எழும்பும்போது நாலு காலில் நின்று, ஒரு காலை முன்னே ஊன்றி, இரு கையையும் அந்த முழங்காலில் வைத்து எழும்புங்கள். ஐந்து தடவை செய்தால் பயத்தில் பாதி போய்விடும். பின்பக்கம் விழுவதுதான் பொல்லாதது. தலைக்கவசத்தை விட்டால் அங்கே காப்பு எதுவும் இல்லை, நாரியும் பின்மண்டையும்தான் இருக்கின்றன.

நிமிர்ந்து நிற்பவர்கள்தான் பின்னால் விழுகிறார்கள். குனிந்து பார்த்தால் முழங்கால் உங்கள் சப்பாத்து நுனியை மறைக்க வேண்டும், அவ்வளவு மடியுங்கள். குதிக்கால்களைச் சேர்த்து நுனிகளை விரித்து வாத்து மாதிரிப் புல்லில் நடவுங்கள். அதே நடையைச் சீமெந்தில் நடந்தால் சில்லு தானாக உருளத் தொடங்கும். முதல் நாளுக்கு அது போதும்.

ஓட வருகிறது, நிறுத்த வரவில்லை. மதிலைப் பிடித்துத்தான் நிற்கிறேன். பிறேக் கட்டையைக் கழற்றி விட்டால்தான் ஸ்ரைல் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.
– உயர்தர மாணவன், உரும்பிராய்

மதில் எல்லா இடத்திலும் இருக்காது தம்பி. நண்பர்கள் நிறுத்துவதை ஒருமுறை பாரும். வேலியைப் பிடித்துத்தான் நிறுத்துவார்கள்.

கட்டையைக் கழற்ற வேண்டாம். பெரும்பாலும் அது வலது குதிக்காலில் இருக்கும். மெல்ல உருளும்போது வலது காலை முன்னே தள்ளும், பின்சில்லு மற்றக் காலின் முன்சில்லுக்கு நேரே வரும்வரை. இரு கைகளையும் முன்னே நீட்டும். இப்போது வலது காலின் நுனியை மட்டும் தூக்கும், கட்டை தரையைத் தொடும். தொட்டவுடன் எல்லோரும் செய்யும் பிழை, காலை விறைத்துக் கொண்டு கட்டையை உதைப்பது. உதைக்கக் கூடாது. முதுகுக்குப் பின்னால் ஒரு வாங்கு இருப்பதாக நினைத்து அதில் இரும். உடம்பின் பாரம் கட்டையில் இறங்கும். நான் ஒரு மண்டபத்தில் சோக்கட்டியால் கோடு கிழித்து, கோட்டில் நிற்கும்வரை பழகினேன். முதல் நாள் கோட்டைத் தாண்டி நான்கு மீற்றர். இரண்டாம் கிழமை கோட்டின் மேல். தரை முழுவதும் கறுப்புக் கோடு விழுந்து, காவலாளியிடம் வாங்கிக் கட்டியது தனிக்கதை. தேய்ந்த கட்டையை மாற்றலாம். தேயாத கட்டை என்றால் ஒருவர் பழகவில்லை என்று அர்த்தம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வீதி மூடியிருக்கும்போது அங்கே ஓடலாமா?
– வாசகர், அரியாலை

இருபத்தைந்து நாளும் அது அடியார்களின் வீதி. பிரதட்டை செய்பவர்களுக்காக மணலும் பரப்பியிருப்பார்கள். வேறு இடம் பாருங்கள்.

வேறு எங்கேதான் பழகுவது?
– இதே கேள்வியை மூவர் கேட்டிருக்கிறார்கள்

அனுமதி கிடைத்தால் பாடசாலை வலைப்பந்துத் திடல்தான் முதலிடம். மட்டமான சீமெந்து, வாகனம் இல்லை, ஓரத்தில் புல். அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள், நான் கேட்டேன், தந்தார்கள். வீதி என்றால் காலை ஆறரைக்கு முன். கோட்டைப் பக்கம் அந்நேரம் நடப்பவர்கள்தான் அதிகம், அவர்களுக்கு வழி விடுங்கள். பண்ணைத் தாம்போதிக்கு மட்டும் அவசரப்பட வேண்டாம். நீளமான நேர்வீதிதான், பார்க்க ஆசை வரும். ஆனால் தீவுப் பகுதிக்குப் போகும் பஸ்கள் உரசிக்கொண்டு போகும், ஒதுங்க இரண்டு பக்கமும் கடல். சோளகம் அடிக்கும் மாதங்களில் காற்று உங்களைத் தள்ளும்போது பிறேக் கட்டைக்கும் மூச்சு வாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்கேற்றைக் கட்டி வையுங்கள். ஈரத் தாரில் அந்தச் சில்லு சவர்க்காரம்.

நாய் துரத்தினால் ஓடாதீர்கள். நில்லுங்கள். சில்லு சுற்றுவதுதான் அதற்குப் பிடிக்கவில்லை.

பண்ணைக் கடற்கரைப் பக்கம் ஒருமுறை ஓடினேன். இப்போது சில்லு சுற்றவில்லை, கரகரக்கிறது. நல்லெண்ணெய் விட்டும் பார்த்தேன்.
– வாசகர், குருநகர்

நல்லெண்ணெயைத் தோசைக்கு வைத்திருங்கள். அது நாளடைவில் பிசினாகி, மணலைப் பிடித்து வைத்துக் கொள்ளும்.

ஒரு சில்லுக்கு இரண்டு பெயாரிங், எட்டுச் சில்லுக்குப் பதினாறு. பெரும்பாலும் எல்லாம் 608 என்ற ஒரே அளவு: உள்வட்டம் 8 மில்லிமீற்றர், வெளிவட்டம் 22, தடிப்பு 7. 2017 இல் பிள்ளைகள் கையில் சுழற்றித் திரிந்த ஸ்பின்னரின் நடுவில் இருந்ததும் பெரும்பாலும் இதே 608 தான். அலன் கீயால் (அறுகோணச் சாவி) அச்சைக் கழற்றி, பெயாரிங்கை எடுத்து, ரப்பர் மூடியாக இருந்தால் குண்டூசியால் ஓரத்தில் நெம்புங்கள், கிளம்பும். உள்ளே ஏழு இரும்புக் குண்டுகள் தெரியும். உங்களுடையதில் அவற்றுக்கிடையே சாம்பல் நிறத்தில் ஒரு களி இருக்கும், உப்பும் மணலும் எண்ணெயும் சேர்ந்தது. மூடியுள்ள போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோல் விட்டுப் பெயாரிங்கைப் போட்டுக் குலுக்குங்கள். வெளியில் வைத்துச் செய்யுங்கள், அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் கூடாது. கறுப்புத் தண்ணீர் வரும். தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தடவை. துணியில் உலர்த்தி, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி. மூன்றாவது துளி தூசியைக் கூப்பிடும்.

பூட்டும்போது சில்லுகளின் இடத்தையும் மாற்றுங்கள்: முதலாவது மூன்றாவதன் இடத்துக்கு, இரண்டாவது நான்காவதன் இடத்துக்கு, உட்பக்கம் வெளிப்பக்கமாக. உள்விளிம்புதான் முதலில் தேயும்.

கடைசியில் சில்லைச் சுழற்றிக் காதோடு பிடித்துக் கேளுங்கள். சீரான ஓசை வந்தால் சரி. கழுவிய பிறகும் கரகரத்தால் குண்டு ஓடும் பாதையை உப்பு அரித்து விட்டது, அந்தப் பெயாரிங்கை எறிய வேண்டியதுதான். சந்தேகம் என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள். ஞாயிறு பூட்டு.