ரைகிராஸா, குளிர்கால ரையா? எதை எப்போது விதைப்பது

கேள்வி: எங்கள் நிலம் மூன்று ஏக்கர். கீழ்ப்பக்கம் ஓதம் காக்கும் இடம். அங்கே தீவன மக்காச்சோளத்தை அறுத்துவிட்டேன். மேட்டுப்பக்கம் மணல் கலந்த மண். அங்கே மக்காச்சோளம் இன்னும் நிற்கிறது, அறுவடைக்கு மூன்று வாரம் ஆகும். உறைபனி விழ ஆறேழு வாரம் இருக்கிறது. அடுத்த வசந்தத்தில் மேட்டில் சோயா மொச்சையும், ஓரமாகக் கொஞ்சம் கேரட், வெங்காயமும் போட எண்ணம். அதுவரை நிலத்தை வெறுமனே விட மனமில்லை. கறவை மாடு நான்கு உண்டு. ரைகிராஸ் ஒரு மூட்டை, குளிர்கால ரை ஒரு மூட்டை கிடைத்தது. இரண்டும் ஒன்றுதானா? கலந்து தூவிவிடலாமா? எவ்வளவு, எப்போது, எவ்வளவு ஆழம்?

பதில்: இரண்டும் ஒன்றல்ல. குளிர்கால ரை, கோதுமையைப் போல மணி பிடிக்கும் தானியப் பயிர். ரைகிராஸ் மேய்ச்சலுக்கும் புல்தரைக்கும் வளர்க்கிற புல். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி அள்ளிப் பாருங்கள். ரை மணி கோதுமையைவிட ஒல்லியாக, நீண்டு, சாம்பல் கலந்த பழுப்பாகக் கனமாக இருக்கும். ரைகிராஸ் விதை உமியோடு, வைக்கோல் நிறத்தில், ஊதினால் பறக்கும் அளவுக்கு லேசாக இருக்கும். ஒரு கிலோ ரையில் சுமார் 30,000 முதல் 40,000 மணிகள்; ஒரு கிலோ ரைகிராஸில் நாலைந்து லட்சம் விதைகள். விதையளவும் ஆழமும் ஏன் இவ்வளவு மாறுகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

கலந்து தூவ வேண்டாம். ரைகிராஸ் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் முளைக்கும், ரைக்கு மூன்று சென்டிமீட்டர் வேண்டும். விதைப்புக் கருவியின் பெட்டியில் போட்டாலும் ஓடுகிற குலுக்கலில் இரண்டு விதையும் தனித்தனியாகப் பிரிந்து, வயல் திட்டுத்திட்டாக முளைக்கும். அதைவிடப் பெரிய தொல்லை வசந்தத்தில் வரும்: இரண்டையும் அழிக்கிற முறை வேறு, நேரம் வேறு. இந்தப் பயிர்களில் விதைப்பது சுலபம்; அடுத்த பயிருக்கு முன்னால் அதை எப்படி ஒழிப்பது என்று முடிவு செய்துவிட்டு மூட்டையைப் பிரிப்பவர்தான் தப்பிக்கிறார்.

உங்கள் நிலத்துக்கு என் யோசனை: கீழ்ப்பக்கம் ரைகிராஸ், இந்த வாரமே. மேட்டுப்பக்கம் ரை, மக்காச்சோளம் அறுத்த கையோடு.

காரணம் இதுதான். ரைகிராஸ் ஓரளவு நீர் தேங்குவதைத் தாங்கும். ரைக்கு அது ஆகாது. மணல், புளிப்பு மண், சத்துக் குறைந்த மண் என்றால் தானியங்களில் ரைக்கு ஈடு இல்லை. நாள் கணக்கும் அப்படியே அமைகிறது. கடும் உறைபனிக்குக் குறைந்தது நாற்பது நாள் முன்னால் ரைகிராஸ் மண்ணில் இருக்க வேண்டும். அதற்குள் அது தூர் கட்டாவிட்டால், மேல்மண் உறைந்து இளகும்போது வேர் அறுந்து செடி வெளியே வந்துவிடும். ரைக்கு இந்த அவசரம் இல்லை. மண் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி செல்சியஸ் இருந்தாலே மெதுவாக முளைக்கும். நன்றாக வேர் பிடித்த ரை பூஜ்ஜியத்துக்குக் கீழே 30 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். உறைபனிக்கு இரண்டு முதல் எட்டு வாரம் முன்பு விதைப்பது வழக்கம். தாமதமானால் விதையைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். இலையுதிர்காலத்தில் மூடாக்கு குறையும், அவ்வளவுதான். சீக்கிரமாகவே விதைக்கிறேன் என்று இன்னும் ஒரு மாதம் முன்னுக்குப் போவதிலும் லாபமில்லை. செடி குளிருக்கு முன்பே மதமதவென்று வளர்ந்து, அசுவினி ஏறி, மஞ்சள் குட்டை வைரஸ் வர வழி விடும்.

வடகோளத்தில் பொதுவாக ரைகிராஸ் ஆகஸ்ட் பாதி முதல் செப்டம்பர் வரை, ரை செப்டம்பரில் தொடங்கி நவம்பர் தொடக்கம் வரை என்று போகும். தென்கோளத்தில் மார்ச் முதல் மே வரை. ஆனால் மாதத்தைப் பார்க்காதீர்கள், உங்கள் ஊர் உறைபனித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குளிர்கால ரையை வசந்தத்தில் விதைத்தால் என்ன ஆகும் என்றும் சிலர் கேட்பதுண்டு. சில வாரக் குளிர் படாமல் அது கதிர் விடாது. புல்லாகவே தரையோடு கிடக்கும்.

கீழ்ப்பக்கம் இப்படிச் செய்யுங்கள். அடிக்கட்டை மேல் லேசாகக் கலப்பை ஓட்டிக் கட்டியை உடைத்து, தரையைக் கெட்டியாக்குங்கள். புழுதியாக உழுத மண்ணில் ரைகிராஸ் விதை ஆழத்தில் போய்விடும். நடந்தால் காலடி ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பதியக் கூடாது, அதுதான் பதம். கையால் தூவினால் ஏக்கருக்கு 9 முதல் 14 கிலோ, வரிசையாக விதைத்தால் 5 முதல் 9 கிலோ. விதை லேசானது என்பதால் காற்றில்லாத காலையில், பாதியை நெடுக்காகவும் பாதியைக் குறுக்காகவும் தூவுங்கள். பிறகு ஒரு கிளையை இழுத்தாலே போதும், மூடிவிடும். உருளை ஓட்டினால் இன்னும் நல்லது. ஈரம் இருந்தால் ஐந்து முதல் பத்து நாளில் முளைத்துவிடும். முளைத்த பிறகு மேல்மண் காய்ந்தால் அதன் மேலோட்டமான வேர் தாங்காது. முதல் இரண்டு வாரம் ஈரத்தைக் கவனியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மக்காச்சோளத்துக்கு மண்ணில் நெடுநாள் நிற்கும் களைக்கொல்லி அடித்திருந்தால், அதன் சீட்டில் அடுத்த பயிருக்கான இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ரைகிராஸ் இதில் ரையைவிட நோஞ்சான். சந்தேகம் இருந்தால் வயல் மண்ணை ஒரு தட்டில் போட்டு நூறு விதை தூவி, களைக்கொல்லி படாத மண்ணில் இன்னொரு தட்டு வைத்து, பத்து நாள் பாருங்கள்.

மேட்டுப்பக்கம் ரைக்கு ஆழம் இரண்டரை முதல் நான்கு சென்டிமீட்டர். வரிசை விதைப்புக்கு ஏக்கருக்கு 25 முதல் 50 கிலோ, தூவினால் 40 முதல் 65 கிலோ. மூட்டை போதாவிட்டால் இன்னும் வாங்குங்கள். விதையைக் குறைத்தால் இடைவெளியில் களை ஏறும். தட்டையை அப்படியே விட்டு, உழாமலும் விதைக்கலாம். தூவினால் மட்டும் மண்ணோடு கலக்க ஒரு ஓட்டம் வேண்டும். தட்டை மேல் சிக்கி நிற்கிற ரை மணி பறவைக்குத்தான். ரைக்கு உரம் போடாதீர்கள். மக்காச்சோளம் விட்டுவைத்த தழைச்சத்தைக் குளிர்கால மழை அடித்துப் போகாமல் பிடித்து வைப்பதுதான் ரையின் வேலை. அதற்கே உரம் வைத்துக் கொடுப்பானேன்?

பயறு வகை ஒன்றைச் சேர்க்க ஆசையாக இருந்தால் ஆழம் ஒத்துப்போகிற ஜோடியைப் பாருங்கள். குளோவர் சின்ன விதை, ரைகிராஸோடு போகும். வெட்ச் பெரிய விதை, ரையோடு போகும். அப்போது ரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் வெட்ச் எழும்பாது. பயறு விதையை ரைசோபியம் (வேரில் முடிச்சுக் கட்டித் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா) நேர்த்தி செய்து விதையுங்கள்.

அப்புறம் மாடு. ரைகிராஸ் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் மேய்க்கலாம், ஐந்து சென்டிமீட்டர் விட்டுவிட வேண்டும். அதற்கு முன் ஒரு சோதனை: இலைக் கொத்தை மாடு கடிக்கிற மாதிரி கையால் வெடுக்கென்று இழுங்கள். இலை அறுந்து வந்தால் மாட்டை விடலாம்; வேரோடு வந்தால் இன்னும் பத்து நாள் பொறுங்கள். ஒவ்வொரு மேய்ச்சலுக்குப் பின்னும் ஏக்கருக்கு 15 முதல் 20 கிலோ தழைச்சத்து கொடுத்தால் புல் மீண்டும் வரும். யூரியாவாக என்றால் ஏறக்குறைய 35 முதல் 45 கிலோ. உங்கள் கீழ்ப்பக்கம் ஓத நிலம் என்பதால், மழை பெய்த மறுநாள் மாட்டை இறக்கினால் குளம்பு பதிந்து புல்லும் போகும், மண்ணும் இறுகும். ரையையும் மேய்க்கலாம், ஆனால் கதிர் பொதி கட்டும் பருவத்துக்கு முன்பே. அதற்குப் பிறகு தண்டு கெட்டியாகி மாடு ஒதுக்கிவிடும். பாலில் வாடை ஏறாமலிருக்க, கறப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே ரை மேய்ச்சலிலிருந்து மாட்டைப் பிடித்துக் கட்டிவிடுங்கள்.

வசந்தத்தின் தொடக்கத்தில் இளம்புல் கொழுகொழுவென்று வரும்போது மெக்னீசியம் குறைந்து மாடு தள்ளாடி, நடுங்கி, விழுந்துவிடும் ஆபத்து உண்டு. புதிதாகக் கன்று ஈன்ற கறவைக்குத்தான் அதிகம். அந்த நாட்களில் மெக்னீசியம் கலந்த தாதுக் கலவையும் கொஞ்சம் உலர்தீவனமும் கொடுங்கள், பட்டினி வயிற்றோடு மேய்ச்சலில் விடாதீர்கள். மாடு விழுந்துவிட்டால் கால்நடை மருத்துவரை உடனே கூப்பிட வேண்டும், மணிக்கணக்கில் காத்திருக்கிற விஷயமல்ல.

இனி ஒழிக்கிற வேலை. ரைக்கு இரண்டு வழி. முழங்கால் உயரத்துக்கு முன்பே மடக்கி உழுவது ஒன்று. தண்டு இளசாக இருப்பதால் சீக்கிரம் மக்கும். உங்கள் கேரட், வெங்காயப் பாத்திக்கு இதைத்தான் செய்ய வேண்டும். அதன் பிறகும் மூன்று நான்கு வாரம் விடுங்கள், ரையிலிருந்து கசியும் பொருள்கள் சின்ன விதைகளை முளைக்க விடாது. சோயாவுக்கு இன்னொரு வழி இருக்கிறது. ரை பூத்து மகரந்தம் உதிரும்வரை விட்டு, உருளையால் நசுக்கிச் சாய்த்து, அந்தப் படுக்கைக்குள்ளேயே சோயா விதைப்பது. தட்டினால் மஞ்சள் தூள் பறக்க வேண்டும். அதற்கு முன்பு சாய்த்தால் மீண்டும் எழுந்து நிற்கும். அந்த முற்றிய வைக்கோல் மக்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும். சோயா தனக்கு வேண்டியதைத் தானே பிடிப்பதால் சமாளிக்கும், மக்காச்சோளமாக இருந்தால் மஞ்சளடித்துவிடும். வசந்தம் வறண்டு போனால் இவ்வளவு நாள் காத்திராமல் முன்பே அழித்துவிடுங்கள். ரை மண்ணீரை வஞ்சனையில்லாமல் குடிக்கும், அதுவும் உங்களுடையது மணல்.

ரைகிராஸ் அப்படிச் சாகாது. அறுத்தாலும் சாய்த்தாலும் துளிர்க்கும். கதிர் விட்டு விதை உதிர்த்துவிட்டால் இரண்டு மூன்று வருடம் களையாக முளைத்துக்கொண்டிருக்கும். கிளைபோசேட் களைக்கொல்லி அடித்தால் போயிற்று என்று நம்பவும் முடியாது: அந்த மருந்துக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற முதல் களையே ரைகிராஸ் இனம்தான், 1996-இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். ஆகவே கதிர் எட்டிப் பார்ப்பதற்குள் கடைசி மேய்ச்சலை முடித்து, வெயில் நாளாகப் பார்த்து உழுது, பத்து நாள் கழித்து முளைத்ததை மறுபடி உழுங்கள். வரப்போரம் தப்பி நிற்கிற தூர்களையும் விடாதீர்கள். பின்னாளில் கோதுமை போட எண்ணம் இருந்தால் அந்த வயலில் ரைகிராஸே வேண்டாம் என்பேன். கோதுமைக்குள் அதைப் பிரித்துக் களையெடுக்க முடியாது.

ரையில் ஒரு துண்டை விட்டு அடுத்த வருடத்துக்கு விதை எடுக்கலாம். கதிரில் மணிக்குப் பதிலாகக் கருப்பாக, மணியைவிட நீளமாக, கொம்பு மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் அது எர்காட் என்ற பூஞ்சை நோய். கம்பில் வரும் தேன் ஒழுகல் நோயின் வகையறா. பத்து லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ உப்புக் கரைத்து விதையைப் போட்டால் கருப்புக் கொம்புகள் மிதக்கும். வழித்தெடுத்துப் புதைத்துவிட்டு, விதையை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எர்காட் கலந்த மணியையோ கழித்த தூசியையோ மாட்டுத் தொட்டியில் போடாதீர்கள். சினை மாடு கன்று வீசும், குளம்போரம் அழுகும்.