எட்டாத கைக்கு ஒரு படி ஸ்டூல்: வாசகர் கேள்வி பதில்

குழந்தைகளுக்கான மரப்படி ஸ்டூலை வீட்டிலேயே செய்துகொள்வது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த நான்கு கடிதங்களுக்கு இந்த முறை பதில் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் தோப்பில் ஆடிக் காற்றில் சாய்ந்த ஒரு மாமரத்தை அறுத்துப் பலகையாக வைத்திருக்கிறோம். மூன்று வயது மகள் தானாக நின்று பல் துலக்க ஒரு படி ஸ்டூல் செய்யலாம் என்று என் கணவர் சொல்கிறார். மாம்பலகை உளுத்துப்போகும், வேண்டாம் என்பது என் மாமியாரின் கருத்து. வாஷ்பேசினின் விளிம்பு தரையிலிருந்து 32 அங்குல உயரத்தில் இருக்கிறது. மகளின் உயரம் 3 அடி 1 அங்குலம். மாம்பலகையில் செய்யலாமா? என்ன அளவில் செய்வது?
(வாசகி, பாலக்கோடு)

பதில்: செய்யலாம். உங்கள் மாமியார் சொல்வதும் பொய்யில்லை. மாமரத்தில் மாவுச்சத்து மிகுதி என்பதால் உளுவண்டு அதை விரும்பித் துளைக்கும். தேக்குக்கும் வேம்புக்கும் உள்ள தற்காப்பு அதற்குக் கிடையாது. ஆனால் அந்த வண்டு முட்டையிடுவது பெரும்பாலும் மூடப்படாத மரத்தின் நுண்துளைகளில்தான். எனவே நன்றாகக் காய்ந்த, துளையோ மாவு உதிர்தலோ இல்லாத பலகையாகத் தேர்ந்தெடுத்து, அடிப்பக்கம், வெட்டுமுனை, பலகைகள் சேரும் இடம் எதையும் விடாமல் எல்லாப் பக்கமும் வார்னிஷ் ஏற்றிவிட்டால், வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறிய ஸ்டூல் பல ஆண்டுகள் நிற்கும். வண்டுக்கு அஞ்சிப் பூச்சிமருந்து பூசுவது மட்டும் கூடாது. குழந்தை அதில் கை வைக்கும், வாயையும் வைக்கும்.

பலகை காய்ந்திருக்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு நிழலில் காய வேண்டும் என்பது தச்சர்களின் பழைய கணக்கு. தரையில் படாமல், அடுக்குகளுக்கு இடையே ரீப்பர் கட்டைகளை வைத்து, காற்றோட்டமான கொட்டகையில் அடுக்கியிருந்தால்தான் இந்தக் கணக்கு பொருந்தும். மொட்டைமாடி வெயிலில் போட்ட பலகை வேகமாகக் காய்ந்தாலும் முனைகளில் வெடித்துவிடும். ஐயம் இருந்தால் ஒரு சிறு துண்டை மளிகைக் கடைத் தராசில் வாரம் ஒருமுறை எடைபோட்டுப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் மரத்தில் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள்.

அடுத்தது உயரம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். ஏனெனில் ஸ்டூல் உடைந்துவிடக் கூடாதே என்று கவலைப்படும் அளவுக்கு அது சாய்ந்துவிடக் கூடாதே என்று பலர் கவலைப்படுவதில்லை. மூன்று வயதுப் பிள்ளையின் எடையில் முக்கால் அங்குலப் பலகை உடைவது அரிது. விபத்துகள் பெரும்பாலும் ஸ்டூல் கவிழ்வதால், நழுவுவதால், அல்லது குழந்தை அளவுக்கு மீறிய உயரத்தில் நின்று முன்னால் கவிழ்வதால் ஏற்படுபவை.

மகளை வெறுங்காலோடு சுவரோரம் நிற்கவைத்து முழங்கையை மடக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து முழங்கை வரையுள்ள உயரத்தை வாஷ்பேசின் விளிம்பின் உயரத்திலிருந்து கழித்தால் கிடைப்பதுதான் ஸ்டூலின் உயரம். அந்த வயதில் முழங்கை ஏறத்தாழ மொத்த உயரத்தில் ஐந்தில் மூன்று பங்கில் இருக்கும். உங்கள் மகளுக்கு 22 அங்குலம் அளவில் வரும். 32இலிருந்து 22 போக 10. அரை அங்குலம் கூட்டி 10½ அங்குலம் என்று வைத்துக்கொள்ளலாம். கடையில் கிடைக்கும் ஸ்டூல்கள் இதைவிட உயரமாக இருக்கின்றன என்பதற்காக நீங்களும் 14 அங்குலத்துக்குப் போக வேண்டாம். சிறுபிள்ளைகளுக்கு உடலின் அளவோடு ஒப்பிட்டால் தலை பெரிது, பாரமும் மேற்பகுதியில்தான் கூடுதல்; வாஷ்பேசின் விளிம்பு இடுப்புக்குக் கீழே போய்விட்டால், குழாயை எட்டிப் பிடிக்கும்போது பிள்ளை தலைகுப்புறச் சாயும். சற்றுத் தாழ்வான ஸ்டூலால் வரும் குறை கை முழுதாக எட்டாததுதான். உயர்ந்துவிட்ட ஸ்டூலால் காயமே ஏற்படலாம்.

பிள்ளை வளர்ந்துவிடுவாளே, கொஞ்சம் உயரமாகவே செய்துவைப்போம் என்பதும் இங்கே தலைகீழான யோசனை. வளர வளரத் தேவைப்படும் உயரம் குறையும். இந்த வயதில் பிள்ளைகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 2½ முதல் 3 அங்குலம் வளர்வதால், ஆறு வயதளவில் உங்கள் மகளுக்குக் கீழ்ப்படியே போதுமானதாகிவிடும். அதனால்தான் ஒரே பலகையாக இல்லாமல் இரண்டு படியாகச் செய்யச் சொல்கிறேன்: கீழ்ப்படி 5¼ அங்குலத்தில், மேற்படி 10½ அங்குலத்தில்.

இனி அடிப்பரப்பு. மூன்று வயதுப் பாதம் சுமார் 6 அங்குலம் இருக்கும். ஆகவே கீழ்ப்படியில் 6 அங்குலம் வெளியே தெரிய வேண்டும், மேற்படி 7 அங்குலம் வேண்டும். ஆக, பக்கப் பலகையின் அடி முன்னும் பின்னுமாக 13 அங்குலம். இரண்டு பக்கப் பலகைகளின் வெளிப்புறத்துக்கு வெளிப்புறம் 15 அங்குலம், படிப்பலகையின் நீளம் 16 அங்குலம். இருபுறமும் அரை அங்குலம்தான் துருத்தி நிற்க வேண்டும்; அழகுக்காக இரண்டு அங்குலம் நீட்டினால், பிள்ளை ஓரத்தில் கால் வைத்தவுடன் மறுபக்கக் கால்கள் தரையை விட்டு எழும்பும். கீழ்ப்படியின் முன்விளிம்பும் அப்படியே, அடிக்கால்களைத் தாண்டி முன்னால் வரக் கூடாது.

பக்கப் பலகையில் மரத்தின் ரேகை மேலிருந்து கீழாக ஓட வேண்டும். படிப்பலகையில் இடமிருந்து வலமாக, ஒரு பக்கப் பலகையிலிருந்து மற்றதற்கு ஓட வேண்டும். இதை மாற்றிவிட்டால் எவ்வளவு நல்ல மரமும் ரேகையோடு பிளக்கும். 13 அங்குல அகலமுள்ள ஒற்றைப் பலகையைத் தேட வேண்டியதில்லை, அவ்வளவு அகலம் வளையவும் செய்யும். 6½ அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகளை எடுத்து, பின்துண்டை 9¾ அங்குல நீளத்திலும் முன்துண்டை 4½ அங்குல நீளத்திலும் வெட்டி, பக்கவாட்டில் இழைப்புளியால் சீராக்கி, ஃபெவிகால் வைத்து ஒட்டி ஒரு நாள் இறுக்கிக் கட்டிவைத்தால், படி வடிவம் ரம்பத்தால் குடையாமலே கிடைத்துவிடும். முக்கால் அங்குலக் கனமுள்ள, நம் ஊர்க் கணக்கில் 6 நூல் பலகை மேலே உட்காரும்போது 10½, 5¼ என்ற உயரங்கள் சரியாக வரும்.

படிப்பலகையின் மேலிருந்து ஸ்க்ரூ அடிக்க வேண்டாம். பாதம் படும் இடத்தில் இரும்புத் தலை தெரியக் கூடாது என்பது ஒரு காரணம். மேலிருந்து இறங்கும் ஸ்க்ரூ பக்கப் பலகையின் வெட்டுமுனைக்குள் போய் நார்களுக்கு இணையாக நிற்பதால் அதன் பிடி நாளடைவில் தளரும் என்பது இன்னும் முக்கியமான காரணம். மாறாக, ஓர் அங்குலச் சதுரக் கட்டையைப் பக்கப் பலகையின் உட்புறம், படிப்பலகைக்கு அடியில் தாங்கலாகப் பொருத்துங்கள். அந்தக் கட்டையின் வழியாகப் பக்கப் பலகைக்குள் 1½ அங்குல ஸ்க்ரூ, அதே கட்டையின் அடியிலிருந்து படிப்பலகைக்குள் இன்னொரு 1½ அங்குல ஸ்க்ரூ. கட்டையும் பலகையும் சேர்ந்து 1¾ அங்குலம் என்பதால் முனை வெளியே வராது. கீழ்ப்படிக்கான கட்டை, ஒட்டிய இரண்டு துண்டுகளையும் தாண்டி ஓடும்படி நீளமாக இருந்தால் ஒட்டுக்கும் அது துணையாகும். ஆனால் அந்தக் கட்டைக்குப் பசை வைக்காமல் ஸ்க்ரூவோடு விட்டுவிடுங்கள், மழைக்காலத்தில் மரம் அகலத்தில் உப்பும்போது அதற்கு இடம் வேண்டும். ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் அதைவிடச் சற்று மெல்லிய துளையை முன்னதாகப் போட்டு, ஸ்க்ரூவில் சோப்பைத் தேய்த்து இறக்கினால் மாம்பலகை வெடிக்காது.

இவ்வளவும் செய்து, குறுக்குப் பலகை இல்லாமல் விட்டால் ஸ்டூல் பக்கவாட்டில் ஆடும். மேற்படிக்கு அடியில் பின்புறம் 3 அங்குல அகலத்தில் ஒன்றும், இரண்டு படிகளுக்கு நடுவில் நிற்கும் முகப்புப் பலகையாக ஒன்றும் 13½ அங்குல நீளத்தில் கட்டாயம் வேண்டும். முகப்புப் பலகை பிள்ளையின் கால் உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்வதையும் தடுக்கும்.

முடித்தபின் சமதளத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பகுதியில் கிரானைட் மேடை இல்லாத சமையலறை குறைவு. அதைவிட நல்ல சமதளம் பட்டறையிலும் கிடைக்காது. பக்கப் பலகையின் அடியில் நடுப்பகுதியை அரை அங்குலம் வளைவாக எடுத்துவிட்டால் நான்கு மூலைகள் மட்டும் தரையைத் தொடும், ஆட்டம் குறையும். நான்கு மூலைகளிலும் ரப்பர் புஷ் பொருத்துங்கள். விளிம்புகள் எல்லாவற்றையும் இரண்டு நூல் அளவுக்கு உருட்டி, உப்புத்தாளை 80, 120, 180 என்ற வரிசையில் தேய்த்தால் போதும். பிள்ளையை ஏற்றுவதற்கு முன் பெரியவர் ஒருவர் மேற்படியின் நடுவில் ஏறி நின்று பார்க்கட்டும். பிறகு கீழ்ப்படியின் முன்விளிம்பையும் மேற்படியின் இரண்டு ஓரங்களையும் கையால் பலமாக அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பக்கக் கால் எழும்பினால் அந்த ஸ்டூல் இன்னும் முடியவில்லை.

கேள்வி: இடித்த பழைய ஓட்டு வீட்டின் கதவு ஒன்று எங்களிடம் இருக்கிறது. பச்சைப் பெயின்ட் அடித்த கெட்டியான பலகை. அதைச் சுரண்டிவிட்டுப் பேரனுக்கு ஸ்டூல் செய்யலாமா?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: மரம் நன்றாகவே இருக்கும், பல ஆண்டுகள் காய்ந்த பழைய மரம் இனி வளையாது. ஆனால் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள் என்று அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். பழைய எண்ணெய்ப் பெயின்ட்டுகளில், பச்சை, மஞ்சள், சிவப்பு போன்ற அழுத்தமான நிறங்களில் குறிப்பாக, ஈயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற மத்திய அரசின் விதி வெளிவந்ததே 2016இல்தான். அது நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். உங்கள் கதவு அதற்கு மிகவும் முந்தியது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டால் எழும் தூசி தரையில் படியும், தவழும் பிள்ளையின் கை வழியாக வாய்க்குப் போகும். குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. சூடுகாட்டி உரித்தால் அதன் புகையும் நஞ்சு.

பெயின்ட் படாத உத்தரமோ கைமரமோ அந்த வீட்டில் கிடைத்தால் அதை அறுத்துச் செய்யுங்கள். அறுவை மில்லுக்குக் கொண்டுபோகும் முன் உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணிகளையெல்லாம் பிடுங்கிவிடுங்கள். கதவை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம், பேரனுக்கு வேண்டாம்.

கேள்வி: ஸ்டூலுக்குப் பெயின்ட் அடிப்பதா, வார்னிஷ் அடிப்பதா, எண்ணெய் தேய்ப்பதா?
(வாசகர், பென்னாகரம்)

பதில்: ஈரம் படும் இடத்தில் வைப்பதானால் தண்ணீர் கலந்து அடிக்கும் (வாட்டர் பேஸ்டு) வகையைச் சேர்ந்த, ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் குறிப்பிட்ட வார்னிஷ் நல்லது. மெல்லியதாக மூன்று முறை அடியுங்கள். கால்களின் வெட்டுமுனைதான் தண்ணீரை உறிஞ்சும் வாய் என்பதால் அங்கே மட்டும் இன்னும் இரண்டு முறை கூடுதலாக அடிக்கலாம். மேல்தளம் வழுவழுப்பாகிவிட்டால் வழுக்காத பட்டையை ஒட்டுங்கள்.

ஆளிவிதை எண்ணெயும் தேன்மெழுகும் அழகான நிறம் தரும். கூடத்தில் வைக்கும் ஸ்டூலுக்கு நானே அதைத்தான் விரும்புவேன். ஆனால் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்துவிடக் கூடாது. அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது வெப்பத்தை வெளியிடுவதால், சுருட்டிய துணி யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கக் கூடும். துணியை வெளியே கொடியில் விரித்து முழுதாக உலர்த்திய பிறகே எறியுங்கள்.

கேள்வி: நாங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ரம்பமோ இழைப்புளியோ எங்களிடம் இல்லை. பிளைவுட்டில் செய்தால் தாங்குமா?
(வாசகி, ஓசூர்)

பதில்: 18 மில்லிமீட்டர் பிளைவுட் தாராளமாகத் தாங்கும். முதல் பதிலில் உள்ள அளவுகளை எழுதிக் கொடுத்தால் பல பிளைவுட் கடைகளில் மீந்த துண்டுகளிலிருந்து அறுத்தே தருவார்கள். ஒரு டிரில்லும் ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் மீதியை வீட்டில் முடித்துவிடலாம். பல் துலக்கும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள, தண்ணீர் தாங்கும் வகையாகக் கேளுங்கள். விலை குறைவு என்று மரத்தூள் பலகையை வாங்கிவிடாதீர்கள், ஈரம் பட்டால் அது உப்பி உதிரும். பிளைவுட்டின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்குகள் பிரியும். எனவே அடித்தாங்கல் கட்டை உங்களுக்கு இன்னும் அவசியம். விளிம்புகளில் சிலாம்பு நிற்கும், அதை நன்றாகத் தேய்த்து மூட வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. படி ஏறத் தெரிந்த பிள்ளை அந்த ஸ்டூலை இழுத்துக்கொண்டு வீடு முழுவதும் போகும். 10 அங்குலம் உயர்ந்துவிட்டால் பால்கனிக் கைப்பிடியும் ஜன்னல் தாழ்ப்பாளும் அடுப்பின் குமிழும் எட்டிவிடும். மாடி வீட்டில் பால்கனிக் கதவுக்குப் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளைப் போட்ட பிறகே ஸ்டூலை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பல் துலக்கி முடித்ததும் அதை எடுத்துப் பூட்டும் அறைக்குள் வையுங்கள்.