அறுபது கிலோமீட்டர் யாருக்குத் தூரம்?

கேள்வி: எனக்குக் காவேரிப்பட்டணம். பொதுத்துறை வங்கி ஒன்றில் எட்டு வருடமாக கிளார்க். நகைக்கடன் கவுண்டரும் மகளிர் குழு லோனும்தான் என் வேலை. டிரான்ஸ்ஃபர் பயத்தில் ஆபீசர் புரமோஷனுக்கு இரண்டு முறை விண்ணப்பமே போடவில்லை. மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள், கணவருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை, மாமியார் "இருக்கிற வேலையே போதும்" என்கிறார். எனக்கு அப்புறம் சேர்ந்த பையன் ஆபீசராகி இப்போது எங்கள் கிளைக்கே வந்துவிட்டார். கிரெடிட் செக்‌ஷனில் போடுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டால், "ஃபீல்டு விசிட்டெல்லாம் உனக்கு எதுக்கும்மா" என்கிறார். இந்த வருடம் எழுதலாமா, இல்லை இப்படியே இருந்துவிடலாமா?
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

பதில்: எழுதுங்கள்.

இதோடு முடித்திருப்பேன், ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை விடவில்லை. கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். காவேரிப்பட்டணத்திலிருந்து ஓசூர் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். மனிதர் தினமும் போய் வருகிறார், நைட் ஷிப்ட் என்றால் வீடு தூங்கப் போகிற நேரத்தில் கிளம்புகிறார். அதை வீட்டில் யாரும் டிரான்ஸ்ஃபர் என்று சொல்வதில்லை, வேலைக்குப் போகிறார் என்கிறார்கள். அதே ஓசூரில் ஒரு கிளைக்கு உங்களைப் போட்டால் மட்டும் குடும்பம் என்ன ஆவது, பிள்ளை என்ன ஆவது என்று பேச்சு வந்துவிடும். மாமியாரிடம் இதைச் சண்டையாகக் கொண்டுபோக வேண்டாம், அதில் லாபமில்லை. கணவரிடம் ஒரு லீவு நாளில் உட்கார்ந்து பேசுங்கள், கையில் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு.

பேப்பர் எதற்கு என்றால், போனால் என்ன செலவு என்ற கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். பஸ் செலவு, வாடகை, மகளைப் பார்த்துக்கொள்ள ஆள். போகாமல் இருந்தால் என்ன செலவு என்று எழுதிப் பார்த்தீர்களா? எட்டு வருட சர்வீஸ் என்றால் உங்களுக்கு என்.பி.எஸ். என்கிற புதிய பென்ஷன் திட்டம்தான். அதில் பேசிக், டி.ஏ. இரண்டும் சேர்ந்த தொகையில் 10 சதவீதம் உங்களிடமிருந்து போகிறது, 14 சதவீதம் வங்கி போடுகிறது. பேசிக் ஏறாத ஒவ்வொரு மாதமும் அந்த 24 சதவீதமும் ஏறாது, இன்னும் இருபத்தைந்து வருட சர்வீஸுக்கு அதன் மேல் வரவேண்டிய வளர்ச்சியும் வராது. கவுண்டரில் யாராவது இரண்டு வருட வட்டியை விட்டுவிட்டுப் போனால் கூப்பிட்டுச் சொல்வீர்கள்தானே? உங்கள் விஷயத்தில் இரண்டு முறை விட்டிருக்கிறீர்கள்.

வங்கி வேலையில் நானும் ஒரு முறை விட்டவள்தான். மூன்று வருடம் கழித்து எழுதி, தேறி, திருநெல்வேலிப் பக்கம் போட்டார்கள். பெண்ணின் பத்தாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் நான் வீட்டில் இல்லை, அது இன்றைக்கும் உறுத்துகிறது. அதனால் கஷ்டமே இருக்காது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று, உங்கள் மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாள். பிரிந்து இருந்துதான் ஆக வேண்டும் என்றால் அவள் பத்தாம் வகுப்பில் இருக்கும்போது போவதைவிட இப்போது போவது எளிது.

டிரான்ஸ்ஃபர் விஷயத்தில் பாதி பயம், விதிகளைப் படிக்காததால் வருவது. பெண் ஊழியர்களை முடிந்தவரை கணவர் அல்லது பெற்றோர் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்று மத்திய அரசின் நிதிச் சேவைகள் துறை பொதுத்துறை வங்கிகளுக்கு 2014-லேயே அறிவுறுத்தியிருக்கிறது. அது உத்தரவாதம் இல்லை, காலியிடம் இருந்தால்தான் நடக்கும், சரி. ஆனாலும் கேட்டு எழுதுகிறவருக்கும் கேட்காமல் இருப்பவருக்கும் வித்தியாசம் உண்டு. கணவரின் வேலைச் சான்று, மகளின் பள்ளிச் சான்று எல்லாம் சேர்த்து விண்ணப்பத்தைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கியின் புரமோஷன் பாலிசியையும் ஒரு முறை முழுதாக வாசியுங்கள், யூனியன் அண்ணன் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். தேறிய பிறகு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை வருடம் மறுபடி எழுத முடியாது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது, நம் ஆட்களுக்குத் தூரம் என்றாலே பஸ் கணக்குத்தான், அதனால் ஓசூர், தர்மபுரி, ஊத்தங்கரை, அரூர் என்று எந்தெந்தக் கிளைக்கு வீட்டிலிருந்தே போய்வர முடியும் என்று இப்போதே பட்டியல் போட்டு வைத்திருங்கள்.

இனி முக்கியமான விஷயம். மகளிர் குழு லோனும்"தான்" என் வேலை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தத் "தான்" எங்கிருந்து வந்தது? தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே நம் மண்ணில்தான். 1989-ல் ஐ.எஃப்.ஏ.டி. என்கிற ஐ.நா. விவசாய வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டுக் கழகம் முதலில் ஆரம்பித்தது தர்மபுரி மாவட்டத்தில். உங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம் அதிலிருந்து 2004-ல்தான் தனியாகப் பிரிந்தது, ஆகவே உங்களுக்கும் அதில் பங்கு உண்டு. கையெழுத்துப் போடத் தெரியாத பெண்களுக்கு எந்த நம்பிக்கையில் கடன் கொடுப்பது என்று வங்கிகள் யோசித்த காலம் அது. அந்த நம்பிக்கையை அளக்கத் தெரிந்தவர்கள்தான் இந்த மாவட்டத்தில் கடன் வேலை தெரிந்தவர்கள்.

எந்தக் குழுவில் தலைவிக்கும் மற்றவர்களுக்கும் சண்டை, எந்தக் குழு தீபாவளி முடிந்ததும் ஒரு தவணை தள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். தவணை கெடு தாண்டிய கடனை வங்கி எஸ்.எம்.ஏ. என்கிற எச்சரிக்கைப் பட்டியலில் வைக்கும்: கெடு தாண்டி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. 0, 31 முதல் 60 வரை எஸ்.எம்.ஏ. 1, 90 வரை எஸ்.எம்.ஏ. 2, அதையும் தாண்டினால் என்.பி.ஏ., அதாவது வாராக்கடன். கம்ப்யூட்டர் இதைக் கெடு தாண்டிய பிறகுதான் காட்டும். நீங்கள் அதற்கு முன்பே குழுவை வழிநடத்தும் ஊக்குநருக்குப் போன் போட்டுத் தவணையைக் கட்ட வைக்கிறீர்கள். இதற்குப் பெயர்தான் கிரெடிட் மானிட்டரிங், கோட் போட்டவர் செய்தாலும் சேலை கட்டியவர் செய்தாலும். இன்டர்வியூவில் "குழு லோன் பார்க்கிறேன் சார்" என்று சொல்லி உட்காராதீர்கள். எத்தனை குழு, மொத்தம் எவ்வளவு நிலுவை, மார்ச் முடிவில் எஸ்.எம்.ஏ.யில் எத்தனை, போன மார்ச்சில் எத்தனை, இந்த நான்கு எண்ணும் நாக்கு நுனியில் இருக்கட்டும்.

ஃபீல்டு விசிட் கதைக்கு வருவோம். உங்கள் மேனேஜர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, அக்கறை என்று நினைத்தே சொல்லியிருக்கலாம், விளைவு ஒன்றுதான். தொண்ணூறுகளில் தர்மபுரி பக்கம் ஒரு கிளையில் என்னையும் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கூட்டிப் போக மாட்டார்கள். சாயங்காலம் பழைய லோன் ஃபைல்களை எடுத்து வைத்துப் படிப்பேன், வேறு வழியில்லை. அப்படி ஒரு மாங்கூழ் ஃபாக்டரி ஃபைல் கையில் சிக்கியது. உங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மே மாதம் சூடுபிடித்தால் ஜூலையோடு பெங்களூரா மாம்பழ வரத்து குறைந்துவிடும், அதற்குள் வருடத்துக்கான பழத்தை வாங்கிக் கூழாக்கி வைத்துக்கொண்டு மிச்ச மாதமெல்லாம் விற்பார்கள். ஆகஸ்டில் ஸ்டாக் உச்சத்தில் இருக்கும், மாதாமாதம் இறங்க வேண்டும். இந்த ஃபைலில் பிப்ரவரி மாத ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலும் ஆகஸ்ட் கணக்கே இருந்தது. ஒன்று சரக்கு விற்கவில்லை, இல்லாவிட்டால் பழைய ஸ்டேட்மென்ட்டைத் தேதி மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இரண்டுமே வங்கிக்கு நல்லதில்லை. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் குறிப்பெழுதி மேலே அனுப்பினார், தன் பெயரில். அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வந்தது: எதையும் வாயால் சொல்லிவிட்டு வருவதில்லை, எழுதிக் கொடுப்பது. நீங்களும் மேனேஜருக்கு ஒரு இமெயில் போடுங்கள். "வாரத்தில் இரண்டு நாள் கிரெடிட் வேலை கற்றுக்கொள்ள விரும்புகிறேன், ஃபீல்டு விசிட்டுக்கு வரத் தயார், கவுண்டர் வேலை பாதிக்காமல் பார்த்துக்கொள்கிறேன்." மூன்று வரி போதும், புகார் வாசனை வேண்டாம். வாய்வார்த்தையாக "உனக்கு எதுக்கும்மா" என்று சொல்லிவிடலாம், அதையே பதில் இமெயிலில் எழுதக் கை வராது.

புதிதாக வந்த ஆபீசர் தம்பியிடம் மனஸ்தாபம் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர் சமீபத்தில் இன்டர்வியூ போய் வந்தவர், என்ன கேட்டார்கள் என்று அவரைவிட நன்றாகச் சொல்ல ஆள் கிடையாது. வங்கி ஊழியர்களுக்கான ஜே.ஏ.ஐ.ஐ.பி. தேர்வை முடிக்கவில்லை என்றால் இந்தத் தடவையே பணம் கட்டிவிடுங்கள். நான்கு பேப்பர், தேற ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 50 மதிப்பெண், வருடத்துக்கு இரண்டு முறை தேர்வு. அக்கவுன்ட்ஸ் பேப்பரைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுவார்கள், அதற்கு மட்டும் தினமும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், குழந்தை தூங்கிய பிறகோ விடியற்காலையிலோ. மற்றவை கவுண்டரில் தினமும் பார்க்கிறதுதான்.

பெரிய பெயர்களைச் சொல்லி உபதேசம் செய்வது எனக்கு ஒத்து வராது, ஆனாலும் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். இந்தியன் வங்கி பெரும் நஷ்டத்தில் கிடந்தபோது, 2000-ல், அதைத் தூக்கி நிறுத்த அனுப்பப்பட்டவர் ரஞ்சனா குமார் என்ற பெண்மணி. வங்கி லாபத்துக்குத் திரும்பியது, அவர் பிறகு விவசாய, கிராமக் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டுக்கே தலைவரானார். பயமுறுத்தும் போஸ்டிங்குகள் சிலருக்கு வாய்ப்பாகவும் வருகின்றன என்பதற்காகச் சொன்னேன், நீங்களும் சேர்மன் ஆக வேண்டும் என்று இல்லை.

மாமியார் விஷயம் விட்டுப்போயிற்று. நீங்கள் ஓசூருக்குப் போனால் பேத்தியைப் பள்ளிக்கு அனுப்பப் போவது அவர்தான், அதனால் அவர் வேண்டாம் என்பதில் அவருக்கான நியாயம் இருக்கிறது. சம்பளம் ஏறினால் வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வைப்பதை முதலிலேயே சொல்லுங்கள், சொன்னபடி வையுங்கள்.

இமெயிலை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள், மாம்பழ சீசன் வருவதற்குள் ஒரு ஃபாக்டரி விசிட்டாவது போயிருக்க வேண்டும். மேனேஜர் என்ன பதில் போட்டார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.