பிடி யார் கையில்?

(வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், வணிகக் கப்பல்களில் சீஃப் இன்ஜினீயராக இருந்து ஓய்வுபெற்ற தூத்துக்குடிக்காரர்.)

அடுத்த பத்து வருடத்தில் உலக அரசியலை ஆட்டிவைக்கப்போவது அமெரிக்காவா, சீனாவா? ஒரே வரியில் சொல்லுங்கள் சார்.
- கல்லூரி மாணவி, தேனி

ஒரே வரியில் என்றால், இரண்டும்தான். ஆனால் இரண்டும் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்க முடியாது.

2025 ஏப்ரலில் நடந்ததைப் பாரம்மா. அமெரிக்கா சீனப் பொருள்கள் மீது வரியை ஏற்றிக்கொண்டே போய் 145 சதவீதத்தில் நிறுத்தியது. சீனாவும் வரி போட்டது, அதோடு விடவில்லை. ஏழு அரிய மண் தனிமங்களை லைசென்ஸ் இல்லாமல் நாட்டைவிட்டு அனுப்பக்கூடாது என்றது. அதில் டிஸ்புரோசியமும் ஒன்று. மின்சார கார் மோட்டாரின் காந்தம் சூட்டைத் தாங்க அது வேண்டும். அரிய மண் சுத்திகரிப்பில் ஏறக்குறைய 90 சதவீதம் சீனாவில்தான் நடக்கிறது. மே மாதமே இரண்டு பேரும் ஜெனீவாவில் உட்கார்ந்து பேசினார்கள்; அமெரிக்காவின் புது வரி 30 சதவீதத்துக்கு இறங்கியது.

அதனால் ராணுவம், பணம் என்று மட்டும் எண்ணாதே. நாம் நிறுத்தினால் அடுத்தவனுக்கு மூச்சு முட்டுகிற ஏதாவது கையில் இருக்கிறதா என்று பார். அமெரிக்காவிடம் டாலர் இருக்கிறது. பனாமா கொடி, கிரேக்க முதலாளி, பிலிப்பைன்ஸ் மாலுமி என்று கப்பலில் எல்லா நாடும் இருக்கும், சம்பளம் மட்டும் டாலரில்தான் வரும். கப்பல் கட்டுவது வேறு கதை. டன் கணக்கில் பார்த்தால் புதுக் கப்பல்களில் சுமார் பாதி சீனத் தளங்களில் கட்டப்படுகிறது. அமெரிக்காவில் ஒரு சதவீதம்கூட இல்லை.

இந்த இரண்டு பேரையும் விட்டால், கவனிக்கவேண்டிய நாடு எது?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

துருக்கி, ஐயா. கருங்கடலுக்குள் போகிற வழி அங்கேதான் இருக்கிறது. அதில் பாஸ்பரஸ் நீரிணையின் குறுகலான இடம் 700 மீட்டர்தான் இருக்கும். யெனிக்கொய் பக்கத்தில் கப்பலை ஏறக்குறைய 80 டிகிரி திருப்பவேண்டும். அந்த நேரத்தில் இன்ஜின் நின்றுபோனால் கப்பல் யார் வீட்டு வாசலிலாவது போய் ஏறிவிடும். அதனால் நாங்கள் கீழே இன்ஜின் ரூமில் ஸ்டாண்ட்பையில், எதற்கும் தயாராகக் கண் இமைக்காமல் இருப்போம். (பாஸ்பரஸின் அழகை நான் பார்த்தது பெரும்பாலும் போட்டோவில்தான்.)

அந்த வழியின் சாவியை 1936-ம் வருட மாண்ட்ரோ ஒப்பந்தம் துருக்கியிடம் கொடுத்தது. 2022 பிப்ரவரி கடைசியில், உக்ரைன் போர் தொடங்கியதும், துருக்கி போர்க்கப்பல்களுக்கு வழியை அடைத்தது. ஏப்ரலில் கருங்கடலில் ரஷ்யாவின் மாஸ்க்வா என்ற போர்க்கப்பல் மூழ்கியபோது, அதற்குப் பதிலாக வேறு கடலிலிருந்து ஒன்றைக் கொண்டுவர ரஷ்யாவால் முடியவில்லை. அதே துருக்கி ரஷ்யா மீது பொருளாதாரத் தடை போடவும் மறுத்தது. நேட்டோ ராணுவக் கூட்டணியில் இருந்துகொண்டே, உள்ளே வர விண்ணப்பித்த ஸ்வீடனை 2024 ஜனவரி வரை காக்கவைத்தது. இதெல்லாம் வல்லரசு செய்கிற வேலை இல்லை, ஆனால் வல்லரசுகள் வந்து கெஞ்சவேண்டியிருக்கிறது.

இந்தோனேசியாவும் அதே ரகம். 2020-ல் நிக்கல் தாதுவை வெளியே விடமாட்டேன், வேண்டுமானால் இங்கே வந்து உருக்கிக்கொள் என்றது. ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு ஜெயித்தது. இந்தோனேசியா மேல்முறையீடு செய்துவிட்டுச் சும்மா இருக்கிறது, ஏனென்றால் மேல்முறையீட்டு அமர்வே 2019 கடைசியிலிருந்து முடங்கிக் கிடக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான்!

நம் நாடு வல்லரசு ஆகுமா, ஆகாதா?
- கட்டிங் மாஸ்டர், திருப்பூர்

உங்களுக்கே பதில் தெரியும், தம்பி. ரஷ்ய எண்ணெய் வாங்கியதற்கு அபராதம் என்று சேர்த்து, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் பொருள்கள் மீது 50 சதவீத வரி போட்டது. எண்ணெய் வாங்கியது சுத்திகரிப்பு ஆலைகள், அடி விழுந்தது பனியன் ஆர்டருக்கு.

சீனாபோல ஒரே மாதத்தில் பேச்சுக்கு இழுக்க நம்மிடம் எதுவும் இல்லை. அரிசி இருக்கிறது. உலக அரிசி ஏற்றுமதியில் சுமார் 40 சதவீதம் நம்முடையதுதான். 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியை நிறுத்தியதும் உலக விலை ஏறியது. ஆனால் அதில் வயிறு காய்ந்தது ஆப்பிரிக்காவின் ஏழை வீடுகள், வாஷிங்டனுக்குத் தெரியக்கூட இல்லை. மக்கள்தொகை, அணுகுண்டு, நிலவில் இறங்கிய சந்திரயான் எல்லாம் மரியாதை வாங்கித்தரும். பேரம் பேச, வேறெங்கும் கிடைக்காத ஒரு சரக்கை நாம் செய்யவேண்டும். பத்து வருடத்தில் அது நடக்குமா என்றால், எனக்குச் சந்தேகம்தான்.

ஐ.நா. பாதுகாப்பு சபையில் நமக்கு நிரந்தர இடம் கிடைக்குமா?
- வழக்கறிஞர், மதுரை

சாசனத்தைத் திருத்த ஐந்து நிரந்தர நாடுகளும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த ஐந்தில் சீனாவும் ஒன்று. அடுத்த கேள்வி.

என் மகனைச் சீன மொழி படிக்க வைக்கலாமா?
- குடும்பத்தலைவி, சேலம்

தாராளமாக. கப்பலில் இங்கிலீஷ் போதும். டிரை டாக்குக்காக, அதாவது கப்பலைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்துப் பழுதுபார்க்க, சீனா போனால்தான், ஃபோர்மேன் தன் ஆட்களிடம் என்ன சொல்கிறான் என்று புரியாமல் முழிப்போம்; பில் வரும்போது புரியும். ஆனால் பையனுக்கு ஆசை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள் அம்மா. எழுத்து கொஞ்சநஞ்சமல்ல, ஆயிரக்கணக்கில் இருக்கிறது.