கேள்வி – பதில்: வால்வு ஆம்ப்ளிஃபயர்

கேள்வி (மதுரை): பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரில் நான்கு இஎல்84 வால்வுகள் (ஸ்பீக்கரை இயக்கும் கண்ணாடிக் குழாய்கள்). ஒன்று மட்டும் அரை மணி நேரத்தில் சிவந்துவிடுகிறது. அந்தப் பக்கம் பாட்டும் கரகரக்கிறது. நான்கையும் மாற்றிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, சிவப்பது எது என்று பாருங்கள். நடுவில் ஹீட்டர் (சூடேற்றும் இழை) ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்வது இயல்பு. அதைச் சுற்றியுள்ள சாம்பல் நிறத் தகட்டில் (இதுதான் பிளேட்) செம்பொட்டு விழுந்தால்தான் கோளாறு. அப்படியே ஓடவிட்டால் வால்வோடு அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் போய்விடும்.

பழைய செட்டில் முதல் சந்தேகம் கப்ளிங் கண்டென்சர்மேல்தான் (முந்தைய ஸ்டேஜிலிருந்து ஒலி சிக்னலை மட்டும் விட்டு, டிசி-யைத் தடுப்பது) விழ வேண்டும். அது கசிந்தால் முந்தைய ஸ்டேஜின் பிளேட் வோல்டேஜ் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்தும் வலை) வந்து, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். புது வால்வைப் போட்டாலும் அதே சாக்கெட்டில் அதுவும் சிவக்கும்; காசுதான் வீண். செட் சூடானபின் அணைத்து, அந்த வால்வைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு வயரைச் சேசிஸில் (செட்டின் உலோகச் சட்டம்) கிளிப் போட்டு, ஒரு கையைப் பின்னால் வைத்துக்கொண்டு, செட்டைப் போட்டு, சிவப்பு வயரால் சாக்கெட்டின் 2-ம் காலை (பின் 2, கிரிட்) தொடுங்கள் (சாக்கெட்டின் அடியிலிருந்து பார்த்தால், இடைவெளியிலிருந்து கடிகாரச் சுற்றில் எண்ண வேண்டும்). பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் நின்றாலே கண்டென்சரை மாற்றுங்கள்: அதே மைக்ரோஃபாரட், 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன். வால்வு இல்லாதபோது பூஜ்யம், போட்டபின் மெல்ல ஏறுகிறது என்றால் வால்வுக்குள் வாயு. அதை மாற்றத்தான் வேண்டும்.

சாலிடரிங் அயர்னை எடுக்குமுன் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றால் பவர் சப்ளையிலுள்ள ஃபில்டர் கண்டென்சரைக் காலி செய்யுங்கள். அணைத்த பிறகும் அதில் 300 வோல்ட் தங்கியிருக்கும்.

புது வால்வைப் போட்டபின் ஒரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு வால்வுக்கும் தனி 270 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர், பின் 3-ல் (கேத்தோடு, எலக்ட்ரான்களை வெளியிடும் முனை) 10.8 வோல்ட் என்றால் கரண்ட் 40 மில்லி ஆம்பியர். அதில் சுமார் 4 ஸ்கிரீனுக்கு (இரண்டாவது வலை), பிளேட்டுக்கு 36. பின் 7-ல் (பிளேட்) 300 வோல்ட் இருந்தால் கேத்தோடு வோல்டேஜைக் கழித்து 289. பெருக்கினால் 10.4 வாட். இஎல்84-இன் உச்சம் 12 வாட், ஆகவே சரி. ஒரே பக்கத்து இரண்டு வால்வுகளும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் ட்ரான்ஸ்ஃபார்மரில் டிசி மிஞ்சி, பேஸ் (தாழ்ந்த ஒலி) குழறும். மேட்ச் செய்த ஜோடி வாங்கச் சொல்வது இதற்காகத்தான். வலது ஜோடியும் இடது ஜோடியும் ஒத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

கேள்வி (திருச்சி): ஒலியைப் பெருக்கும் சின்ன வால்வு 12ஏஎக்ஸ்7-க்குப் பதிலாகக் கடையில் ரஷ்ய 6என்2பி கொடுத்தார்கள். சாக்கெட்டில் உட்காருகிறது, போடலாமா?

பதில்: கூடாது. உட்காருவதே ஆபத்து! 12ஏஎக்ஸ்7-க்கு (இசிசி83-ம் அதுவே) ஹீட்டர் பின் 4, 5, 9. 6.3 வோல்ட் செட்டில் 4-ம் 5-ம் சேர்த்து ஒரு முனை, 9 மறு முனை. 6என்2பி-யில் ஹீட்டர் 4-க்கும் 5-க்கும் நடுவில் மட்டும். 9 வெறும் ஷீல்டு (தடுப்புத் தகடு). ஆகவே வால்வு எரியவே எரியாது. உங்கள் செட் 4-க்கும் 5-க்கும் 12.6 வோல்ட் கொடுப்பதாக இருந்தால் ஹீட்டரே கருகிவிடும்.

12ஏடி7, 12ஏயு7 இரண்டுக்கும் பின் வரிசை 12ஏஎக்ஸ்7 போலவேதான். ஆனால் பெருக்கம் 100 இருந்த இடத்தில் முறையே 60, 20-க்குள் என்று இறங்கும். இழுக்கும் கரண்டும் வேறு. சத்தம் குறைந்தால் பரவாயில்லை என்று ஃபேஸ் ஸ்ப்ளிட்டரில் (சிக்னலை எதிரெதிராக இரண்டாகப் பிரிக்கும் ஸ்டேஜ்) போடாதீர்கள். சர்க்யூட் அந்தக் கரண்டுக்குப் போட்டதல்ல.

கேள்வி (கோவை): பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பழைய ஸ்டாக் கிடைக்கிறது. நம்பலாமா?

பதில்: நம்பலாம், பார்த்து வாங்கினால். கண்ணாடிக்குள் வெள்ளிப்பூச்சு பளபளப்பாக இருக்க வேண்டும். பால்போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, இனாமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டு மூன்று இசிசி83 இருந்தால் ஓடும்போது பென்சிலால் மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டிங் டிங் என்று மணி அடிக்காததை முதல் ஸ்டேஜுக்கு வையுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): ஏசி-யை டிசி ஆக்கும் இஇசட்81 வால்வு கிடைக்கவில்லை. இரண்டு டயோடு போட்டால் ஆகாதா?

பதில்: ஆகும், ஆனால் ஃபில்டர் கண்டென்சரைப் பாருங்கள். 280-0-280 ட்ரான்ஸ்ஃபார்மரில் (நடு முனையிலிருந்து இருபுறமும் 280 வோல்ட்) டயோடு போட்டால், மற்ற வால்வுகள் சூடேறும்வரை 396 வோல்ட் ஏறி நிற்கும். 350 வோல்ட் கண்டென்சர் வெடிக்கும். 450 வோல்டாக மாற்றுங்கள். பக்கத்துக்கு ஒரு 1என்4007 போதும்போலத் தெரிந்தாலும், ரிவர்ஸ் வோல்டேஜ் 792 வரை போவதால் இரண்டிரண்டைத் தொடராகப் போடுவதே நல்லது.