மாமன் மடியும் இரண்டு நியாயமும்: சரி எது, தவறு எது என்பதை ஊர் வழக்கம்தான் தீர்மானிக்கிறதா?

ஒரே காரியம் ஓர் ஊரில் கடமையாகவும் இன்னோர் ஊரில் பாவமாகவும் இருக்க முடியுமா, அப்படி இருந்தால் அறம் என்பதே வெறும் வழக்கம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில், முடியும். எங்கள் வீட்டில் அது ஒரே திண்ணையில் நடந்தது.

அப்பா கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில்நாட்டுக்காரர். அம்மா திருநெல்வேலி மாவட்டத்து வள்ளியூர்ப் பக்கம். நடுவில் இருப்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் மட்டும், பஸ்ஸில் ஏறினால் சீக்கிரம் வந்துவிடும் தூரம். ஆனால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாவும் 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை எங்களுக்குத் தலைநகரம் திருவனந்தபுரம். பத்மநாபபுரம் அரண்மனை இன்றைக்கும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. பேச்சு, சாப்பாடு, சாவுச் சடங்கு எல்லாவற்றிலும் மலையாளத்தின் சாயல் உண்டு. பதினாறாம் நாள் காரியத்தை நாங்கள் அடியந்திரம் என்போம், அம்மா வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது.

2007-ல் தம்பிக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. அம்மா பெண் தேடவே இல்லை. எங்கள் அக்காவின் மகள் இருக்கும்போது எதற்குத் தேட வேண்டும்? அவர்கள் ஊரில் அக்கா மகளைக் கட்டுவது சர்வ சாதாரணம், கட்டாமல் வெளியே பெண் எடுத்தால்தான் வருத்தமே வரும். ஆச்சி (அப்பாவின் அம்மா, அப்போது எண்பத்தைந்து வயது) திண்ணையில் உட்கார்ந்து சக்கைக்கொட்டை (பலாக்கொட்டை) சுரண்டிக்கொண்டிருந்தாள். அம்மா விஷயத்தைச் சொன்னதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏட்டி, உனக்குக் கூறு இருக்கா? அது அவன் மவ மாதிரில்லா. அவன் மடியில வச்சுல்லா அந்தப் பிள்ளைக்குக் காது குத்துனது!"

அம்மாவும் விடவில்லை. "அதைத்தான் அத்தை நானும் சொல்றேன். மடியில வச்சுக் காது குத்துன மாமனுக்கு இல்லாத உரிமை வேற யாருக்கு?"

காது குத்திய நாளில் நானும் இருந்தேன். தம்பி அப்போது பள்ளிக்கூடப் பையன், ஆசாரி ஊசியை எடுத்ததும் பிள்ளையைவிட அவன்தான் அதிகம் நடுங்கினான். அந்த ஒரே மடி ஆச்சிக்கு அப்பன் ஸ்தானத்துக்குச் சாட்சி, அம்மாவுக்கு மாப்பிள்ளை உரிமைக்குச் சாட்சி. இரண்டு பேருமே அந்தப் பிள்ளைமேல் உயிரை வைத்திருந்தவர்கள். ஒருத்திக்கு அறம் தெரியும், இன்னொருத்திக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆச்சியின் கோபத்துக்கு வேர் எங்கே என்று எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. நாஞ்சில்நாட்டு வேளாளரில் பெரும்பகுதி ஒரு காலத்தில் மருமக்கள்வழி. சொத்து மகனுக்குப் போகாது, சகோதரி மகனுக்குப் போகும். திருவிதாங்கூர் அரியணையே அப்படித்தான் இறங்கியது. அந்தக் கணக்கில் ஒருவனுடைய அக்கா பிள்ளைகள் அவன் சொந்தத் தறவாடு (தாய்வழிக் குடும்பம்), அவன் பெற்ற பிள்ளைகள் அவர்கள் அம்மாவின் வீட்டைச் சேர்ந்தவர்கள். அக்கா மகளைக் கட்டுவதென்றால் சொந்த வீட்டுக்குள்ளேயே கட்டுவது. தந்தைவழியில் வந்த அம்மாவின் கணக்கில் அக்கா கல்யாணம் ஆனதுமே வேறு வீட்டுக்காரி, அவள் மகள் அந்த வீட்டுப் பெண், ஆகவே முறை சரி. சொந்த வீட்டுக்குள் கட்டக்கூடாது என்ற விதி இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எது சொந்த வீடு என்பதில்தான் ஊர் வழக்கம் கோடு போட்டிருக்கிறது. தக்கலையில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பன் உண்டு. அவர்களுக்குச் சித்தப்பா மகளைக்கூடக் கட்டலாம், சகோதரி மகளைக் கட்டக்கூடாதென்று குர்ஆனே சொல்கிறது. எங்களுக்கோ சித்தப்பா மகள் தங்கச்சி, நினைத்துப் பார்க்கவே முடியாது. 1955-ம் வருட இந்துத் திருமணச் சட்டம் மாமன், சகோதரி மகள் உறவைத் தடுக்கப்பட்ட உறவில் வைத்துவிட்டு, வழக்கம் அனுமதித்தால் செல்லும் என்று ஒரு விலக்கும் கொடுத்திருக்கிறது.

இதை ஆராய்ச்சியாகவே செய்தவர்கள் இருக்கிறார்கள். ரிச்சர்ட் ஷ்வேடர் என்ற அமெரிக்க மானுடவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் ஒரே மாதிரிச் சம்பவங்களைச் சொல்லி, எது எவ்வளவு தப்பு என்று கேட்டார்கள். 1987-ல் அது வெளிவந்தது. அப்பா செத்த மறுநாள் மூத்த மகன் முடி வெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டான் என்பது அதில் ஒன்று. சிகாகோக்காரர்களுக்கு அதில் தப்பே தெரியவில்லை, யாருக்கு என்ன நஷ்டம்? புவனேஸ்வரத்துப் பிராமணர்களுக்கு அது மிகப் பெரிய தப்புகளில் ஒன்று, ஏனென்றால் நஷ்டம் இறந்தவருடைய ஆத்மாவுக்கு. அடுத்தவரைத் துன்பப்படுத்தாதே என்பதுதான் இரண்டு இடத்திலும் ஓடுகிறது, அந்த அடுத்தவர் கணக்கில் செத்தவரும் உண்டா என்பதில்தான் வித்தியாசம். பெரியப்பா இறந்து அடியந்திரம் முடியும்வரை எங்கள் வீட்டுக்குள் மீன் வரவில்லை. ஆத்மா இருக்கிறதா என்று எனக்கு அன்றைக்கும் நிச்சயமில்லை, ஆனால் மீன்காரம்மா வாசலில் வந்து நின்றபோது வேண்டாம் என்று கையைக் காட்டியது நான்தான்.

சரி, அப்படியானால் அவரவர் ஊர், அவரவர் நியாயம் என்று விட்டுவிடலாமா? உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதி இதுதான். விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். அதற்கும் காரணம் இந்த மண்தான்.

ஆச்சியின் அம்மை சிறுமியாக இருந்தபோது அவள் அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் பந்தி முடிந்து இலை எடுக்கும் முன்னாலேயே அவருடைய மருமகன் (சகோதரி மகன்) பத்தாயத்துச் சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டான். பிள்ளைகளுக்கு உகந்துடைமை என்று ஒரு சின்னப் பங்கு உண்டு, அதற்கும் அலைய விட்டார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்த ஒருவரும் அதைத் தப்பென்று சொல்லவில்லை, வழக்கம் அப்படி. ஆனால் அந்தச் சிறுமிக்கு அது தப்பு என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் மகளிடம் சொன்னாள், மகள் எங்களிடம் சொன்னாள். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில்நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதியபோது அதை ஒரு மனிதனின் ஐந்தாவது மனைவி வாயால் சொல்ல வைத்தார். வெளியூரிலிருந்து வந்த எந்தப் புது நீதியையும் அந்தப் பெண் பேசவில்லை. தானும் தன் பிள்ளைகளும் பட்டதைப் பட்டபடி சொல்கிறாள். 1926-ல் நாஞ்சில்நாட்டு வேளாளர் சட்டம் வந்து பெற்ற பிள்ளைகளுக்குப் பங்கு கிடைத்தது.

இதைவிடக் கொடிய ஒன்றும் இங்கே நடந்தது. கல்குளம், விளவங்கோடு பக்கத்து நாடார் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போட்டால், மேல்சாதிக்கு முன்னால் அது மரியாதைக்குறைவு என்று சொல்லி, சந்தையில் வைத்துத் துணியைக் கிழித்தார்கள். மறைப்பதை மானம் என்று நினைக்கும் நாம், மறைப்பதே ஆணவம் என்று நம்பிய ஒரு ஊருக்குள் நின்று யோசித்துப் பார்க்க வேண்டும். கிழித்தவர்கள் தாங்கள் ஊர் வழக்கத்தைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தார்கள். கிறிஸ்தவர்களாக மாறிய நாடார் பெண்களுக்குக் குப்பாயம் (ஒரு வகைச் சட்டை) அனுமதிக்கப்பட்டது, அவர்கள் அதோடு நிற்கவில்லை, மற்றப் பெண்களைப்போலத் தோள்சீலைதான் வேண்டும் என்றார்கள். பல பத்து வருடச் சண்டைக்குப் பிறகு, சென்னை ஆளுநர் டிரவெல்யனின் நெருக்குதலும் சேர்ந்து, 1859 ஜூலை 26-ல் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி உடுத்தக்கூடாது என்று ஒரு நிபந்தனை. அது அவர்கள் கலாச்சாரம், நாம் என்ன சொல்ல என்று யாராவது பேசினால் எனக்கு அந்தச் சந்தைதான் நினைவுக்கு வரும். கலாச்சாரம் என்று நாம் சொல்லும்போது அதில் யார் குரல் சேர்ந்திருக்கிறது? துணி கிழிக்கப்பட்டவளும் அதே ஊர்க்காரிதானே, அதே கலாச்சாரத்தில் பிறந்தவள்தானே. ஒரு வழக்கத்தை எடைபோட வேண்டுமென்றால் அதனால் அடிபடுகிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். வெளியூர்க்காரருக்கும் இது பொருந்தும், உள்ளூர்க்காரருக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

தம்பி கல்யாணத்துக்கு வருகிறேன். ஒரு டாக்டரிடம் கேட்டோம். மாமனும் சகோதரி மகளும் சராசரியாக நான்கில் ஒரு பங்கு மரபணுக்களைப் பகிர்கிறார்கள், அத்தை மகன் மாமன் மகளுக்கு அது எட்டில் ஒரு பங்கு, மறைந்திருக்கும் குறை இரண்டு பக்கமும் சேர்ந்து பிள்ளைக்கு வரும் வாய்ப்பு அதனால் கூடுகிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அம்மா ஊரிலேயே காது கேட்காத பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் பட்டது வேறு. அக்கா மகளிடம் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். "மாமா என்னைத் தூக்கி வளத்தாங்க, எனக்கு வேண்டாம் சித்தப்பா... இல்ல, நீங்களும் மாமாதானே," என்று முறை தடுமாறி அழுதுவிட்டாள்.

அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. அம்மாவும் அழுதாள், அதன் காரணம் எனக்குப் பிறகுதான் பிடிபட்டது. "அக்கா மகளை வேண்டாம்னு சொல்லிட்டா நாளைக்கு உங்க அக்கா எந்த உரிமையில இந்த வாசல்படி ஏறுவா?" என்றாள். அம்மா வளர்ந்த ஊரில் பெண்ணுக்கு நிலம் கிடையாது, கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிறந்த வீட்டில் இருந்த ஒரே பிடி, தன் மகளை அங்கே மருமகளாக அனுப்புவதுதான். பிடியை அறுத்துவிட்டு வேறொன்றும் கொடுக்காமல் போனால் அது அநியாயம் என்று அவள் சொன்னதில் என்ன தப்பு? நானும் தம்பியும் அப்பாவிடம் பேசினோம். மகளுக்கும் சமபங்கு என்று சட்டம் சொல்லி வருடங்கள் ஆகியும் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் அக்கா தங்கைகளிடம் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம்தான் எழுதி வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அறுபது சென்ட் தென்னந்தோப்பை மூன்றாகப் பிரித்துச் செட்டில்மெண்ட் எழுதினார். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு அக்கா வந்தாள், ஆச்சியும் வீல்சேர் வேண்டாம் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அம்மா வரவில்லை. சாயங்காலம் நாங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அடுப்படியிலிருந்தே கேட்டாள்:

"அவளுக்குக் கிணத்துப் பக்கம்தானே குடுத்தீங்க?"

கிணத்துப் பக்கம்தான் கொடுத்திருந்தோம்.