ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன? கேள்வி பதில்

ஒரு விஷயத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். ‘நெட்வொர்க் வேலை செய்யவில்லை’ என்று பொத்தாம் பொதுவாகப் பார்த்தால் எதுவும் பிடிபடாது. உள்ளே நாலைந்து நெறிமுறைகள், அதாவது கணினிகள் பேசிக்கொள்வதற்கான விதிகள், ஆளுக்கொரு வேலையைப் பார்க்கின்றன. அதில் எது நின்றுபோனது என்று தேடினால் பாதிப் பிரச்சினை தீர்ந்த மாதிரிதான்.

கேள்வி: என் கணினியின் ஐபி முகவரி 192.168.1.20. பக்கத்துக் கணினி 192.168.1.35. இரண்டும் ஒரே சுவிட்சில், அதாவது கேபிள்களை இணைக்கும் பெட்டியில், இருக்கின்றன. 35 எங்கே இருக்கிறது என்று என் கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பதில்: முதலில் உங்கள் கணினி சப்நெட் மாஸ்க்கைப் பார்க்கிறது. ஐபி முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண் அது. அது 255.255.255.0 என்றால், முதல் மூன்று எண்களும் ஒத்துப்போவதால் ‘இது நம் நெட்வொர்க்தான், ரவுட்டரிடம் போக வேண்டாம்’ என்று முடிவு செய்கிறது.

ஆனால் ஐபி முகவரி தெரிந்தால் மட்டும் போதாது. கேபிளில் செய்திகள் ஈதர்நெட் முறைப்படி ஃபிரேம் எனும் பொட்டலங்களாக ஓடுகின்றன, அவற்றின் மேல் எழுத வேண்டியது மேக் முகவரி, அதாவது நெட்வொர்க் கார்டுக்கு உரிய 48 பிட் எண். அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஏஆர்பி. 1982இல் வந்த நெறிமுறை, இன்றும் அப்படியே ஓடுகிறது. உங்கள் கணினி எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு கேள்வியை அனுப்புகிறது: ‘192.168.1.35 யாரிடம் இருக்கிறது? 192.168.1.20க்குச் சொல்லுங்கள்.’ எல்லாக் கணினிகளும் அதைப் பெறுகின்றன. 35 மட்டும் தன் மேக் முகவரியோடு பதில் தருகிறது. நெட்வொர்க்கில் ஓடும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைத் திறந்து வைத்தால் இந்தக் கேள்வியை ஏறக்குறைய இதே வார்த்தைகளில் நீங்களே பார்க்கலாம். ஒரு முறை பார்த்துவிடுங்கள், பாடம் படிப்பதை விட நன்றாக மனதில் நிற்கும்.

கிடைத்த பதிலைக் கணினி கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். முதலில் 35க்குப் பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்கும் சோதனைச் செய்தி) செய்துவிட்டு, அப்புறம் கட்டளைத் திரையில் ‘ஏஆர்பி -ஏ’ (arp -a) கொடுங்கள், அந்த வரி அங்கே இருக்கும். பிங்குக்குப் பதில் வராமல் போனாலும் பட்டியலில் மேக் முகவரி வந்திருந்தால் கேபிளும் சுவிட்சும் சரியாக இருக்கின்றன என்று அர்த்தம். பெரும்பாலும் எதிர்ப்பக்கத்து ஃபயர்வால், அதாவது வரும் செய்திகளை வடிகட்டும் பாதுகாப்பு மென்பொருள்தான் பிங்கைத் தடுக்கிறது.

கேள்வி: மேக் முகவரி இருக்கும்போது ஐபி எதற்கு, சார்?

பதில்: மேக் முகவரி ‘யார்’ என்று சொல்லும், ‘எந்த நெட்வொர்க்கில்’ என்று சொல்லாது. ஐபியின் முன்பகுதி நெட்வொர்க்கைக் குறிப்பதால்தான் ரவுட்டர்கள் உலகத்தில் உள்ள ஒவ்வொரு கருவியையும் தனித்தனியாக நினைவில் வைக்கத் தேவையில்லாமல் போகிறது.

கேள்வி: எந்த போர்ட்டில் (கேபிள் செருகும் துளையில்) எந்தக் கணினி இருக்கிறது என்று சுவிட்சுக்கு யார் சொல்லித் தருகிறார்கள்?

பதில்: யாரும் சொல்லித் தருவதில்லை, தானாகவே கற்றுக்கொள்கிறது. ஒரு ஃபிரேம் உள்ளே வந்ததும் அனுப்பியவரின் மேக் முகவரியையும் வந்த போர்ட்டையும் குறித்து வைக்கிறது. பெறுபவர் பட்டியலில் இருந்தால் அந்த போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும். இல்லையென்றால், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுப்பும்.

ஆரம்பத்தில் இந்த வசதி கிடையாது. 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ராபர்ட் மெட்கால்ஃபும் டேவிட் பாக்ஸும் ஈதர்நெட்டை உருவாக்கத் தொடங்கியபோது எல்லாக் கணினிகளுக்கும் ஒரே கேபிள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் மோதல்தான். உடனே இருவரும் நிறுத்தி, ஆளுக்கொரு தற்செயலான நேரம் காத்திருந்து மறுபடி அனுப்ப வேண்டும். யாரும் மேற்பார்க்காமல், எல்லோரும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதாலேயே வேலை நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

கேள்வி: ஒரு கணினிக்கு மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி வருகிறது. வைரஸா?

பதில்: இல்லை, பயப்பட வேண்டாம். கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் நெறிமுறையான டிஹெச்சிபி பதில் தரவில்லை என்பதற்கான அடையாளம் அது. வழக்கமாகக் கணினி ‘முகவரி தருபவர் யாராவது இருக்கிறீர்களா?’ என்று கேட்கும். ரவுட்டர் ஒரு முகவரியைக் காட்டும், கணினி ‘அதையே எடுத்துக்கொள்கிறேன்’ என்று சொல்லும், ரவுட்டர் உறுதி செய்யும். இந்த நான்கு செய்திகள் நடக்காவிட்டால் கணினி தானே 169.254 வரிசையில் ஒன்றை வைத்துக்கொள்கிறது. மற்ற கணினிகளுக்கு ஒழுங்காக முகவரி வருகிறது என்பதால், முதலில் அந்த ஒன்றின் கேபிளையும் சுவிட்ச் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, பிரிண்டரை ஐபி போட்டால் எடுக்கிறது, பெயர் போட்டால் எடுக்கவில்லை.

பதில்: அப்படியானால் பாதை சரி தம்பி, பெயரைத் தேடும் இடத்தில்தான் கோளாறு. ‘.லோக்கல்’ (.local) என்று முடியும் பெயர்களுக்கு உரிய ஐபி முகவரியை எம்டிஎன்எஸ் என்ற நெறிமுறை தேடுகிறது. அது 224.0.0.251 என்ற குழு முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில் கேட்கும். இந்தப் போர்ட் சுவிட்சில் உள்ள துளை அல்ல, செய்தி எந்த மென்பொருளுக்கு என்று சொல்லும் எண். அந்தப் போர்ட்டை ஃபயர்வால் அடைத்திருக்கிறதா பாருங்கள். கணினி ஒரு சப்நெட்டிலும் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவிலும்) பிரிண்டர் வேறொன்றிலும் இருந்தாலும் இந்தக் கேள்வி ரவுட்டரைத் தாண்டாது.

கேள்வி: கிகாபிட் சுவிட்ச், கிகாபிட் கார்டு. ஆனாலும் 100 மெகாபிட்தான் காட்டுகிறது.

பதில்: கேபிளை மாற்றுங்கள். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும், கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி விட்டிருந்தாலும் வேகம் இறங்கிவிடும்.

கேள்வி: யாரோ ஒரு கேபிளின் இரண்டு முனைகளையும் ஒரே சுவிட்சில் செருகிவிட்டார்கள். மொத்த நெட்வொர்க்கும் நின்றுபோனது. ஒரு கேபிளால் இவ்வளவு நடக்குமா?

பதில்: நடக்கும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறைந்து கடைசியில் அது தூக்கி எறியப்படும். ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது. எல்லோருக்கும் போகும் ஒரு ஏஆர்பி கேள்வி அந்த வளையத்தில் மாட்டினால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் மற்ற போர்ட்டுகளுக்கும் அதன் நகல் போகும். சில விநாடிகளில் உண்மையான செய்திகளுக்கு இடமே இருக்காது.

இதைத் தடுக்க 1985இல் ரேடியா பெர்ல்மன் ஸ்பானிங் ட்ரீ என்ற வழிமுறையைத் தந்தார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி, வளையம் உண்டாக்கும் போர்ட்டைத் தாங்களே அடைத்துவிடும். விலை குறைந்த சாதாரண சுவிட்சுகள் பலவற்றில் இது இருப்பதில்லை. உங்களுடையது மேலாண்மை வசதி உள்ள சுவிட்ச் என்றால் அமைப்புக்குள் போய் இது இயக்கத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால், அடுத்த முறை எல்லா விளக்குகளும் ஒரே சீராகப் படபடவென்று மின்னினால் கேபிள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். எதை எடுத்ததும் மின்னுவது அடங்குகிறதோ, அதுதான்.